மடக்கு ஃபோன் இன்னும் வரவில்லை: காத்திருப்பதா, ஏபி செட் வாங்குவதா?

பினாங்கின் பிறை என்ற ஊரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. அவர் ஆசைப்படும் மடக்கு ஃபோன் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. மலேசியாவில் மட்டும் "விரைவில்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கும் என்று பேச்சு. கொம்தார் பக்கம் ஒரு கடையில் ஏபி செட், அதாவது நிறுவனம் கொண்டுவராமல் கடைக்காரர்களே வெளிநாட்டில் இருந்து இறக்கிய ஹாங்காங் செட், இப்போதே கிடைக்கிறது, விலை எட்டாயிரத்து அறுநூறு. இன்னொரு கடைக்காரர் ஐந்நூறு வெள்ளி முன்பணம் கட்டினால், மலேசிய செட் வரும் அன்றே எடுத்துத் தருகிறேன் என்கிறார். எப்போது வரும் என்று கேட்டால் மட்டும் "அடுத்த மாதம்" என்று தள்ளிக்கொண்டே போகிறார். "காத்திருக்கவா, ஏபி செட்டை எடுத்துவிடவா, இல்லை சிங்கப்பூர் போய் வாங்கி வரவா அண்ணே?" என்பதுதான் கேள்வி.

காத்திருங்கள் தம்பி. பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், முன்பணம் வேண்டாம். மடக்கு ஃபோனில் ஏபி செட் வேண்டவே வேண்டாம். புக்கிட் பிந்தாங்கிலும் பிறகு ஜார்ஜ்டவுனிலும் ஹேண்ட்போன் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து பழகியவன் என்பதால், இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். எட்டாயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. 2025-இல் உயர்த்திய பிறகும் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளிதான். அந்தச் சம்பளக்காரருக்கு இது ஏறக்குறைய ஐந்து மாத உழைப்பு. அதனால் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலேசியாவில் விலையுயர்ந்த ஃபோனுக்குக் காத்திருப்பது பழைய கதை. ஐஃபோன் 3ஜி 2008 ஜூலை 11 அன்று பல நாடுகளில் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூருக்கு ஆகஸ்ட் 22-இல் வந்துவிட்டது. நமக்கு மெக்சிஸ் தொலைபேசி நிறுவனம் மூலமாக வந்து சேர்ந்தது 2009 மார்ச் 20. எட்டு மாதம். அந்த இடைவெளியில் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் லாக் உடைத்த வெளிநாட்டு செட்டுகள்தான் ஓடின. சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் லாக் திரும்ப விழுந்துவிடும் என்ற பயத்தோடே பலர் அதை வைத்திருந்தார்கள். அப்புறம் இடைவெளி குறையத் தொடங்கியது. ஐஃபோன் 4எஸ் 2011 டிசம்பர் 16, ஐஃபோன் 5 2012 டிசம்பர் 14 என்று இரண்டு மூன்று மாதத் தாமதத்தில் நின்றது. 2014-இல் ஐஃபோன் 6 அமெரிக்காவில் செப்டம்பர் 19, இங்கே நவம்பர் 7. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 22. போனஸ் பணம் கையில் இருந்தது, ஃபோன் கடையில் இல்லை. தீபாவளிக்குள் வேண்டும் என்று அவசரப்பட்டவர்கள் ஏபி செட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மலேசிய செட் கடைக்கு வந்தது.

2017-இல் ஐஃபோன் எக்ஸ் மூன்று வாரத் தாமதத்தில், நவம்பர் 24-இல் வந்தது. 2024 ஜூன் 22 அன்று கோலாலம்பூர் டிஆர்எக்ஸில் ஆப்பிளின் முதல் மலேசியக் கடை திறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20, ஐஃபோன் 16 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதே நாளில் இங்கேயும் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் தொடங்கிய காத்திருப்பு ஒரு நாள்கூட இல்லாமல் ஆக, பதினைந்து ஆண்டு பிடித்திருக்கிறது.

ஆனால் இது எல்லா ஃபோனுக்கும் பொருந்தாது. கூகிள் பிக்சல் முதல் மாடல் 2016-இல் வந்தது. மலேசியாவில் பிக்சல் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது 2024-இல், பிக்சல் 9 வரிசை வந்த சமயத்தில்தான். விவோ எக்ஸ்100 அல்ட்ரா 2024 மே மாதம் சீனாவில் வெளியானது, சீனாவை விட்டு வெளியே வரவே இல்லை. இன்னொரு பக்கம் ஹுவாவெய் மேட் எக்ஸ்டியைப் பாருங்கள். மூன்றாக மடங்கும் அந்த ஃபோன் சீனாவில் 2024 செப்டம்பர் 20-இல் 19,999 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது. உலகச் சந்தைக்கான அறிமுக விழாவை அவர்கள் நடத்தியது ஐரோப்பாவிலோ துபாயிலோ இல்லை, நம் கோலாலம்பூரில், 2025 பிப்ரவரி 18 அன்று. விலை 14,999 வெள்ளி. ஐந்து மாதம் தாமதம்தான். ஆனாலும் சீனாவுக்கு வெளியே முதலில் மேடை ஏறியது இங்கேதான். ஆகவே "நம் நாடு என்றால் அவர்களுக்கு இளக்காரம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் எது என்று தெரிந்தால், காத்திருப்பதா வேண்டாமா என்பது பாதி தெளிந்துவிடும்.

முதல் காரணம் சரக்கு. புது ஃபோன் வந்த முதல் சில வாரங்களில் தொழிற்சாலையில் இருந்து வெளிவரும் எண்ணிக்கை, கேட்பவர்களின் எண்ணிக்கைக்கு எட்டாது. இருப்பதைப் பெரிய சந்தைகளுக்குத்தான் முதலில் பிரித்துக் கொடுப்பார்கள். மடக்கு ஃபோனில் இது இன்னும் மோசம். உள்திரையும் கீலும் தேறி வருவது சாதாரணத் திரையைவிடக் கடினம். யீல்ட், அதாவது செய்வதில் எத்தனை தேறுகிறது என்ற கணக்கு: இந்தச் சொல்லை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, தினமும் உங்கள் லைனில் கேட்கிற சொல். பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கியது, இன்டெல் அதே ஆண்டு வந்து உட்கார்ந்தது. இன்று உலகின் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது என்று சொல்வார்கள், அதில் பெரும்பங்கு நம் பினாங்குடையது. சிப்புக்குக் கடைசி வேலை முடித்து அனுப்புகிற ஊர்க்காரர்களே ஃபோனுக்கு வரிசையில் பின்னால் நிற்பது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப் எங்கே முடிகிறது என்பதை வைத்து ஃபோனை எங்கே முதலில் விற்பது என்று யாரும் முடிவு செய்வதில்லை. எந்த ஊரில் எத்தனை பேர் முழு விலை கொடுத்து வாங்குவார்கள் என்பதை வைத்துத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, அனுமதி. சிம் போடுகிற எந்தக் கருவியாக இருந்தாலும் 2000-ஆம் ஆண்டின் தொழில்நுட்பத் தர விதிமுறைகளின்படி சான்றிதழ் வாங்கித்தான் இங்கே விற்க முடியும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சி சார்பில் சான்றிதழ் கொடுப்பது சிரிம் நிறுவனம். மாடல் எண்ணை வைத்துத்தான் சான்றிதழ். இது உங்களுக்கு ஒரு நல்ல அடையாளம். ஒரு ஃபோன் நிஜமாகவே மலேசியாவுக்கு வரப்போகிறது என்றால், விளம்பரம் வரும் முன்பே அதன் மாடல் எண் சிரிம் பதிவில் தென்படுவது வழக்கம். தொழில்நுட்பச் செய்தி போடுகிறவர்கள் இதைத்தான் நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர் சொல்லும் "அடுத்த மாதம்" என்ற வார்த்தையைவிட இந்தப் பதிவை நம்பலாம்.

மூன்றாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம்: சர்வீஸ். ஒரு மாடலை இங்கே விற்கிறார்கள் என்றால் அதன் திரை, பேட்டரி, கீல் எல்லாம் இங்குள்ள சர்வீஸ் சென்டருக்கு வந்தாக வேண்டும், அதைப் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், கருவி வேண்டும். நிறுவனம் விற்பனையைத் தள்ளிப்போடும்போது இந்த ஏற்பாடும் நடந்துகொண்டிருக்கலாம். நீங்கள் கொடுக்கும் எட்டாயிரத்தில் ஒரு பங்கு இதற்கான விலை. ஏபி செட் வாங்கினால் அந்தப் பங்கையும் கொடுத்துவிட்டு, பலனை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

தாமதம் சில சமயம் நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்ட் 2019 ஏப்ரல் 26-இல் வருவதாக இருந்தது, 1,980 டாலர். விமர்சகர்களிடம் கொடுத்த செட்டுகளில் சில நாட்களிலேயே திரை போனது. மேலே இருந்த படலத்தைச் சிலர் சாதாரண ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். வேறு சிலருக்குக் கீல் இடுக்கு வழியாகத் துகள் புகுந்து திரையைக் கீழிருந்து முட்டியது. வெளியீட்டை நிறுத்தி, படலத்தின் ஓரத்தைச் சட்டகத்துக்கு அடியில் தள்ளி, இடுக்கை மூடி, செப்டம்பர் 6-இல்தான் கொரியாவில் விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் 2016-இல் நோட் 7: ஆகஸ்ட் 19-இல் விற்பனை தொடங்கியது, பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் 2-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, அக்டோபர் 11-இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். செப்டம்பர் 2 அன்று வரவேண்டிய இந்தியாவுக்கு அது வரவே இல்லை. அங்கே காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்தான், ஆனால் தீப்பிடிக்கிற ஃபோன் அவர்கள் கைக்குப் போகவில்லை. புது வகை ஃபோனில் முதல் சில மாதங்களின் குறைகள் முதலில் வாங்குகிறவர்கள் தலையில்தான் விடியும்.

சரி, விலைக்கு வருவோம். காத்திருந்தால் விலை ஏறுமா இறங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் ஃபோன் நிறுவனத்தைவிட ரிங்கிட்டின் கை ஓங்கியது. ஐஃபோன் 6-க்கும் அடுத்த ஆண்டு வந்த 6எஸ்-க்கும் அமெரிக்காவில் தொடக்க விலை ஒன்றுதான், 649 டாலர். இங்கே 2014-இல் 2,399 வெள்ளிக்கு வந்தது, 2015-இல் 3,199 வெள்ளி ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் 800 வெள்ளி கூடுதல். நடுவில் என்ன நடந்தது? 2014 நடுவில் டாலருக்கு 3.20 அளவில் இருந்த ரிங்கிட், 2015 செப்டம்பர் கடைசியில் 4.40-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் 6 சதவீத ஜிஎஸ்டியும் வந்து சேர்ந்தது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஐஃபோன் 15, 16 இரண்டுக்கும் அமெரிக்க விலை 799 டாலர். இங்கே 2023-இல் 15 வந்தது 4,399 வெள்ளிக்கு. 2024-இல் 16 வந்தது 3,999 வெள்ளிக்கு. அந்த ஆண்டு பிப்ரவரியில் 1998-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு, டாலருக்கு 4.80 அருகே விழுந்த ரிங்கிட், செப்டம்பரில் 4.12 பக்கம் ஏறி வந்திருந்தது. நிறுவனங்கள் இங்கே விலை வைக்கும்போது அன்றைய மாற்று விகிதத்தோடு கொஞ்சம் பாதுகாப்பும் சேர்த்துத்தான் வைக்கும், பிறகு அடுத்த மாடல் வரும்வரை அந்த விலையை எளிதில் மாற்றாது. ஆகவே ரிங்கிட் ஏறுமுகமாக இருக்கும்போது தள்ளிப்போகும் வெளியீடு உங்களுக்குச் சாதகம். சரியும் காலத்தில், ஏற்கெனவே விலை அறிவித்து விற்கும் ஃபோனை எடுப்பது சாதகம். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை இந்த ஒரு எண்ணுக்காகவாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு மடக்கு ஃபோன்களில் இன்னொன்றும் உண்டு. ஐஃபோன் அளவுக்கு அவை விலையைத் தாங்கி நிற்பதில்லை, சில மாதத்திலேயே தள்ளுபடி தொடங்கிவிடும். சாம்சங் போன்றவர்கள் அதிகாரப்பூர்வ முன்பதிவிலேயே சேமிப்பகத்தை ஒரு படி ஏற்றித் தருவது வழக்கம். ஹாங்காங் செட்டுக்கு அறுநூறு வெள்ளி அதிகம் கொடுக்கும் ஆளுக்கு இதில் எதுவும் கிடையாது.

இப்போது அந்த ஏபி செட். ஏபி செட் விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள், வெளிப்படையாக "இது ஹாங்காங் செட், கடை வாரண்டி மட்டும்தான்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சாதாரண ஃபோனாக இருந்தால், விலை கணிசமாகக் குறைவாகவும் இருந்தால், யோசிக்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். மடக்கு ஃபோனில் கதை வேறு. உள்ளே இருக்கும் மடங்கும் கண்ணாடியின் தடிமன் சுமார் 30 மைக்ரான், ஒரு தலைமுடியின் பாதிகூட இல்லை. அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் படலம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் திறந்து மூடிய பிறகு மடிப்புக் கோட்டின் நடுவில் அந்தப் படலம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். முதலில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். விரலை ஓட்டினால் காற்றுக்குமிழ் தட்டுப்படும். அந்தச் சமயத்தில் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பழைய படலத்தைச் சூடாக்கி எடுத்துவிட்டு, அதற்கான கருவியில் வைத்துப் புதிது ஒட்டித் தந்துவிடுவார்கள். விட்டுவிட்டால் குமிழ் வழியாகத் தூசி போகும், நகம் படும். பிறகு கண்ணாடியே கீறும்.

என் மேசைக்கு அப்படி வந்த ஒரு செட் நினைவில் நிற்கிறது. பட்டர்வொர்த்தில் கனரக லாரி ஓட்டும் ஒரு அண்ணன் கொண்டுவந்தார். ஏபி செட். குமிழ் அரை அங்குலத்துக்கு மேலே வளர்ந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்த நாட்டுச் செட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்ற கடையில் "படலம் வாரண்டியில் வராது" என்றார்கள். அவர் ஒரு சாதாரண ரிப்பேர் கடையில் கொடுத்து உரிக்கச் சொல்லியிருக்கிறார். உரித்தவர் பிளேடை உள்ளே விட்டிருக்கிறார். என்னிடம் வரும்போது உள்திரையில் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு. உள்திரையை மாற்றும் செலவில் புதிதாக ஒரு நடுத்தர ஃபோனே வாங்கிவிடலாம், அதுவும் பாகம் கிடைத்தால். இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஃபோனை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த மனிதர் ஒன்றும் பணத்தை வீசி எறிகிறவர் இல்லை. ஆசைப்பட்டு வாங்கியவர். இன்று உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான்.

சீனச் செட் என்றால் வேறு தொந்தரவுகளும் உண்டு. பல சீன பிராண்டுகளின் உள்நாட்டுச் செட்டில் மெனு மொழி சீனமும் ஆங்கிலமும் மட்டுமே. பின்னாளில் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால் தமிழ் மெனு இருக்காது. காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யாமல் போகலாம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை அடைத்துவிடும், வாட்ஸ்அப் செய்தி ஃபோனைத் திறந்தால்தான் வரும். மேட் எக்ஸ்டியில்கூடச் சீனச் செட் ஓடுவது ஹார்மனி ஓஎஸ் என்ற மென்பொருளில், வெளிநாட்டுக்கு வந்த செட் ஓடுவது இஎம்யுஐ என்ற வேறு மென்பொருளில். பெயர் ஒன்று, உள்ளே வேறு.

சிங்கப்பூர் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் பெரிதாக மிஞ்சாது. அங்கே 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் திட்டம் விமான நிலையம் வழியாகவோ கப்பல் பயணமாகவோ வெளியேறுகிறவர்களுக்கு மட்டும்தான். ஜொகூர் பாலம் வழியாகப் பேருந்தில் திரும்பினால் ஒரு காசு திரும்பாது. பினாங்கில் இருந்து விமானத்தில் போய் வந்தால் டிக்கெட் செலவு இருக்கிறது. அதோடு அங்கே வாங்கிய ஆண்ட்ராய்டு செட்டுக்குப் பெரும்பாலும் அந்த நாட்டு வாரண்டிதான், திரை போனால் மறுபடியும் சிங்கப்பூர் போக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் ஐஃபோன் சொல்லி அனுப்பும் வழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐஃபோன் 14 முதல் அமெரிக்கச் செட்டில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

முன்பணம் கேட்கும் கடை விஷயம். நிறுவனமே அறிவித்து, தேதியும் விலையும் போட்டு, முன்பதிவு திறந்த பிறகு பணம் கட்டுவதில் தவறில்லை. உங்கள் கடைக்காரர் அப்படிக் கேட்கவில்லை. விலை தெரியாது, தேதி தெரியாது, வருமா என்பதும் உறுதி இல்லை. அந்த ஐந்நூறு வெள்ளி இப்போது அவருடைய வியாபார முதல், உங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும். ஏற்கெனவே கட்டிவிட்ட நண்பர்கள் யாராவது இருந்தால், ரசீதோடு போய் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். நம் ஆட்களில் பலர் "ஐந்நூறு வெள்ளிக்கு எதுக்கு வம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவதால்தான் அடுத்த ஆளிடமும் கேட்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்து எனக்குக் கவலையாக இருந்தது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-இல் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கில் இருந்து எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். எடுக்க முடியும், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் உங்களுக்கு இருபத்தைந்து வயது. அந்த 8,000 வெள்ளி முப்பது ஆண்டு அங்கேயே கிடந்தால், ஆண்டுக்கு 5 சதவீத ஈவு என்று குறைத்துப் போட்டாலும் 34,500 வெள்ளிக்கு மேல் வரும். 2023-இல் கொடுத்தது 5.5 சதவீதம், 2024-இல் 6.3. இந்தப் பணத்தைத் தொடாதீர்கள் தம்பி. அதற்குப் பதில் வட்டியில்லாத் தவணை இருக்கிறது, 24 மாதம் என்றால் மாதம் 334 வெள்ளி. ஒவ்வொரு மாதமும் அட்டையை முழுதாக அடைப்பவராக இருந்தால் மட்டும் இது சரி. ஒரு மாதம் பாக்கி வைத்தால் அட்டை வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 சதவீதம், வட்டியில்லாத் தவணையின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஃபோன் வரும்வரை அந்த 334 வெள்ளியை இப்போதே மாதாமாதம் தனியாக எடுத்து வைப்பேன். முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும், கையில் ஒரு தொகையும் சேர்ந்துவிடும்.

வரி விஷயத்தில் தேதி முக்கியம். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு என்று ஆண்டுக்கு 2,500 வெள்ளி இருக்கிறது, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் ஸ்மார்ட்ஃபோன் அதில் வரும். உங்கள் வரிக்குரிய வருமானம் 35,000-க்கும் 50,000-க்கும் இடையில் என்றால் 6 சதவீத விகிதத்தில் 150 வெள்ளி மிச்சம். அதற்கு மேல் 70,000 வரை 11 சதவீதம், 275 வெள்ளி மிச்சம். இந்த ஆண்டு புத்தகம், இன்டர்நெட் கட்டணம், பிள்ளைக்கு வாங்கிய டேப்லெட் என்று அந்த 2,500 ஏற்கெனவே நிரம்பியிருந்தால், ஃபோனை ஜனவரியில் வாங்குவதே நல்லது, அடுத்த ஆண்டுக் கணக்கில் போகும். நிரம்பவில்லை என்றால் டிசம்பர் 31-க்குள். எப்படி இருந்தாலும் உங்கள் பெயரில் ரசீது வேண்டும்.

அதுவரை கையில் இருக்கும் ஃபோனுக்கு ஒரு பேட்டரி மாற்றிக்கொள்ளுங்கள். நாள் பாதியிலேயே சார்ஜ் போய்விடுகிறது, அதனால்தான் புது ஃபோன் அவசரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நான்கு ஆண்டு ஓடிய ஃபோனில் அது இயற்கை. ஐஃபோன் 14 வரைக்கும் 500 முறை முழு சார்ஜ் ஏறினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்றுதான் ஆப்பிளே கணக்கு வைத்திருக்கிறது. புது பேட்டரி போட்டால் ஃபோன் இன்னும் ஓர் ஆண்டு தாராளமாக ஓடும், அவசரமும் பாதி குறைந்துவிடும்.

எதுவரை காத்திருப்பது? வெளிநாட்டில் வெளியாகி ஆறு மாதம் ஆகியும் சிரிம் பதிவில் மாடல் எண் தென்படவில்லை என்றால் அந்த மாடல் நமக்கு வராது என்று வைத்துக்கொள்ளலாம். மடக்கு ஃபோன்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதற்குள் அடுத்த மாடலின் பேச்சு தொடங்கிவிடும். அப்போது இங்கே அதிகாரப்பூர்வமாக விற்கும் வேறு பிராண்டையோ, போன ஆண்டு மாடலின் மலேசியச் செட்டையோ பாருங்கள். போன ஆண்டு மடக்கு ஃபோனைப் புதுச் செட்டாக, மலேசிய வாரண்டியோடு, தள்ளுபடியில் எடுப்பதுதான் என் கண்ணில் இந்தத் தொழிலிலேயே நல்ல பேரம். ஆனால் வாங்குகிறவர்கள் குறைவு, எல்லாருக்கும் புது மாடல்தான் வேண்டும்.

கடைசியாக, வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. பெட்டியைக் கடையிலேயே திறங்கள். ஃபோனை முழுதாக விரித்து, திரையை அணைத்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து மடிப்புக் கோட்டைப் பாருங்கள். படலத்தின் நான்கு மூலையும் படிந்திருக்க வேண்டும். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் தட்டினால் ஐஎம்இஐ வரும், பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அதே எண்ணைச் "செக் யுவர் லேபல்" செயலியிலும் போட்டுப் பாருங்கள். சாம்சங் என்றால் மென்பொருள் விவரத்தில் எக்ஸ்எம்இ என்ற குறியீடு மலேசியச் செட்டுக்கு உரியது, டிஜிஒய் என்று இருந்தால் அது ஹாங்காங். ஐஃபோன் என்றால் அமைப்பில் மாடல் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள்: எம் என்றால் புதிது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் மாற்றிக் கொடுத்த செட். ரசீதில் உங்கள் பெயர், ஐஎம்இஐ, "மலேசிய செட்" என்ற வார்த்தை மூன்றும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.